“அழுதா ஊசி போட்டுடுவாங்க!” குழந்தையின் மருத்துவப் பயம் எங்கே பிறக்கிறது?

செந்தூலில் உள்ள ஓர் அரசாங்கச் சுகாதார நிலையம். காலை மணி 9. எண் அழைக்கப்படுவதற்காகப் பலர் காத்திருக்கிறார்கள். நான்கு வயதுப் பையன் ஒருவன் நாற்காலிகளுக்கு இடையில் ஓடி விளையாடுகிறான். அம்மா கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். பாட்டிக்குப் பொறுமை போய்விடுகிறது.

“டேய், சும்மா உட்காரு. இல்லன்னா மிஸ்ஸியைக் கூப்பிட்டு பெரிய ஊசியா போடச் சொல்லிடுவேன்!”

பையன் சட்டென்று அடங்கி உட்காருகிறான். பாட்டிக்கு நிம்மதி. கால் மணி நேரம் கழித்து அவர்களின் எண் வருகிறது. உள்ளே தாதி காய்ச்சல் பார்க்க வெப்பமானியை எடுக்கிறார். அவ்வளவுதான், பையன் கத்தி அழுது அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். “ஒண்ணும் பண்ண மாட்டாங்கடா கண்ணு, பயப்படாதே” என்று அதே பாட்டி சமாதானம் சொல்கிறார். கால் மணி நேரத்துக்கு முன் சொன்னதை நம்புவதா, இப்போது சொல்வதை நம்புவதா? குழந்தை முதலில் சொன்னதைத்தான் நம்புகிறது.

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த கதை அல்ல. செந்தூலில் மட்டுமன்றி பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என எந்த வட்டாரக் கிளினிக்கிலும் எந்த நாளும் காணக்கூடிய காட்சிதான். பூச்சாண்டி, போலீஸ்காரர், டாக்டர் ஆகிய மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பிள்ளையை மிரட்டுவது நம்மிடையே பழகிப்போன ஒன்று. பூச்சாண்டி வரப்போவதில்லை. போலீஸ்காரரிடம் குழந்தைக்கு வேலை இல்லை. ஆனால் டாக்டரிடம் குழந்தை போயே ஆகவேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வயதுக்கு ஏற்ற பயம்

குழந்தைக்கு மருத்துவப் பயம் வருவது இயல்பு. அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கக்கூடாது. ஆனால் எல்லா வயதிலும் பயம் ஒரே மாதிரி இருப்பதில்லை.

ஆறு மாதக் குழந்தை ஊசி குத்தும்போது வலியால் அழும். தாயின் மடிக்கு வந்ததும் அடங்கிவிடும். எட்டு ஒன்பது மாதத்தில் புதிய முகத்தைக் கண்டாலே அழும். அந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான்.

இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரைதான் மிகவும் கவனிக்க வேண்டிய காலம். இந்த வயதுப் பிள்ளைக்குக் கற்பனை அதிகம், காரண காரிய அறிவு குறைவு. “நேத்து நான் தங்கச்சியை அடிச்சேன், அதனாலதான் ஊசி போடுறாங்க” என்று நினைத்துக்கொள்ளும். ஊசி குத்திய ஓட்டை வழியாக உடம்பில் உள்ள ரத்தமெல்லாம் வெளியே போய்விடும் என்றுகூடப் பயப்படும். ஒரு சின்னப் பிளாஸ்டரை ஒட்டியதும் அழுகை நின்றுவிடுவது ஏன் என்று பல பெற்றோர் வியப்பார்கள். பிள்ளையின் கணக்கில் அந்தப் பிளாஸ்டர் ஓட்டையை அடைத்துவிட்டது!

பள்ளி வயதில் பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்ளும். நண்பர்கள் முன் அழுதுவிடுவோமோ என்ற கவலைதான் ஊசியைவிடப் பெரிதாக இருக்கும்.

பயந்த பிள்ளை உண்மையைச் சொல்லாது

“சின்னப் பிள்ளைதானே, கொஞ்ச நேரம் அழுதா தானா சரியாயிடும்” என்று சிலர் நினைக்கலாம். அழுகையோடு முடிந்துவிட்டால் கவலை இல்லை. ஆனால் அது அப்படி முடிவதில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் டிங்கிக் காய்ச்சல் அறியாத குடும்பம் இல்லை. டிங்கி என்று சந்தேகம் வந்தால் மருத்துவர் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையோடு விட்டுவிட மாட்டார். ரத்தத்தட்டுகளின் எண்ணிக்கையையும் ரத்தத்தின் அடர்த்தியையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருப்பதால், பல நாட்களுக்குத் தினமும் ரத்தம் எடுக்க நேரிடும். முதல் நாள் “ஊசி இல்லடா, சும்மா டாக்டரைப் பார்க்கத்தான் போறோம்” என்று பொய் சொல்லி அழைத்துச் சென்ற பிள்ளை, இரண்டாம் நாள் வீட்டு வாசலையே தாண்டாது.

அதைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. டிங்கியில் காய்ச்சல் குறையத் தொடங்கும் நேரமே பல சமயங்களில் அபாயமான கட்டம். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறு அல்லது மூக்கில் ரத்தக் கசிவு, சோர்ந்து துவண்டு கிடப்பது ஆகியவை உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள். இவற்றுள் வயிற்று வலியைப் பிள்ளை வாய் திறந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும். “வலிக்குதுன்னு சொன்னா ஊசி போடுவாங்க” என்று பாடம் கற்ற பிள்ளை என்ன சொல்லும்? “வலிக்கல” என்றுதான் சொல்லும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருக்கும். கேட்டால் தலையை ஆட்டி மறுக்கும். அன்று கிளினிக்கில் சொன்ன ஒரு வார்த்தை இங்கே வந்து நிற்கிறது. மிரட்டல் விளையாட்டல்ல என்று சொல்வதற்கு இதுவே போதும்.

ஒன்றரை வயதுக்குள் 11 ஊசி

மலேசியாவில் தேசிய தடுப்பூசித் திட்டத்தின்படி ஒரு குழந்தை பிறந்தவுடன் காசநோய்க்கும் ஹெப்படைட்டிஸ் பி நோய்க்கும் எதிரான இரண்டு ஊசிகளைப் பெறுகிறது. பிறகு 2, 3, 5, 18 ஆகிய மாதங்களில் ஆறு நோய்களுக்கு ஒரே ஊசி. 4, 6, 15 ஆகிய மாதங்களில் நிமோகோக்கல் கிருமிக்கு எதிரான ஊசி. 9, 12 ஆகிய மாதங்களில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்து ஒரு ஊசி. கூட்டிப் பார்த்தால் ஒன்றரை வயதுக்குள் 11 ஊசிகள். 2020-ஆம் ஆண்டு இறுதியில் ஆறு நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி வந்த பிறகு, தனியாகப் போடப்பட்டு வந்த ஹெப்படைட்டிஸ் பி ஊசிகள் அதிலேயே அடங்கிவிட்டன.

பிள்ளையின் அழுகையைத் தாங்க முடியாமல் “அடுத்த மாசம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடும் தாய்மார்கள் உண்டு. தவறிய தடுப்பூசி என்ன செய்யும் என்பதை நாடு கண்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டில் டிப்தீரியா எனும் தொண்டை அடைப்பான் நோய்க்குக் குழந்தைகள் பலியானார்கள். 2019 டிசம்பரில் சபாவில் ஒரு கைக்குழந்தைக்குப் போலியோ கண்டறியப்பட்டது. 1992-க்குப் பிறகு 27 ஆண்டுகள் கழித்து இந்நாட்டில் வந்த முதல் போலியோ அது. இந்தச் சம்பவங்களுக்குக் காரணம் குழந்தையின் பயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்தக் காரணத்தால் ஊசி தவறினாலும் கிருமிக்கு அது ஒன்றுதான்.

இன்னொரு செய்தியையும் பெற்றோர் மறந்துவிடக்கூடாது. ஏழு வயதில், முதலாம் ஆண்டில், தடுப்பூசி பள்ளியிலேயே போடப்படுகிறது. அங்கே அம்மா இல்லை, பாட்டி இல்லை. வகுப்பு நண்பர்கள் வரிசையில் நிற்க, முன்னே நிற்பவன் அழுவதைப் பார்த்துக்கொண்டே பிள்ளை தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நாளைத் தனியாகச் சந்திக்கும் தைரியத்தை அதற்கு முன்பே வீட்டில் கொடுத்திருக்க வேண்டும்.

பெற்றோரை வெளியே நிறுத்திய காலம்

ஒரு காலத்தில் மேலை நாட்டு மருத்துவமனைகளிலேயே பிள்ளையை வார்டில் சேர்த்துவிட்டுப் பெற்றோர் திரும்பிவிட வேண்டும் என்ற விதி இருந்தது. வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே பார்க்க அனுமதி. பெற்றோர் வந்தால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

1952-இல் பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் சில நாட்கள் தங்க நேர்ந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்தார். சிறுமி ஓயாமல் அழவில்லை. ஆனால் அவளுடைய முகம் நாளுக்கு நாள் வாடியது. தாயைக் கண்டபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அமைதி என்று நினைத்தது அமைதி அல்ல, மனம் ஒடுங்கிப்போன நிலை என்பதை அந்தப் படம் காட்டியது. 1959-இல் வெளிவந்த பிளாட் அறிக்கை, பெற்றோர் தாராளமாக வந்து பார்க்கவும், சிறு குழந்தையோடு தாய் தங்கவும் அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று நம் நாட்டு மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டில் அம்மாவும் உடன் தங்குவதைச் சாதாரணமாகக் காண்கிறோம்.

மலேசியச் சுகாதார அமைச்சும் 2008-ஆம் ஆண்டு முதல், உடல் வெப்பம், நாடித் துடிப்பு, சுவாசம், ரத்த அழுத்தம் ஆகிய நான்கோடு வலியையும் ஐந்தாவது அறிகுறியாகக் கணக்கில் எடுக்கத் தொடங்கியது. எண் சொல்லத் தெரியாத பிள்ளை, சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரைந்த படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும். ஆகவே “குழந்தையின் வலி ஒரு வலியா?” என்ற காலம் மலையேறிவிட்டது. வீட்டிலும் அந்த எண்ணம் மாறவேண்டும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலாவது, மிரட்டலை நிறுத்துவது. அம்மா மட்டும் நிறுத்தினால் போதாது. செந்தூல் அடுக்குமாடி வீடுகளில் பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் பல. வீட்டில் உள்ள அனைவரும் “டாக்டர், மிஸ்ஸி பேரைச் சொல்லி மிரட்டக்கூடாது” என்று ஒரே முடிவாக இருக்க வேண்டும். பெரியவர்களிடம் இதைச் சொல்லும்போது குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். “ஆயா, பிள்ளை கிளினிக்ல ரொம்ப அழுவுறான், நாம யாரும் ஊசின்னு சொல்லி பயமுறுத்த வேணாம்” என்றால் எந்தப் பாட்டியும் கேட்டுக்கொள்வார்.

இரண்டாவது, உண்மையைச் சொல்வது. “வலிக்கவே வலிக்காது” என்பது பொய். “சுருக்குன்னு இருக்கும். எறும்பு கடிச்ச மாதிரி. அஞ்சு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். அம்மா உன்னைப் பிடிச்சுக்கிட்டே இருப்பேன்” என்பது உண்மை. இந்த நான்கு வாக்கியத்தில் பிள்ளைக்குத் தேவையான எல்லாம் இருக்கிறது: எப்படி இருக்கும், எவ்வளவு நேரம், யார் உடன் இருப்பார். எப்போது சொல்வது? மூன்று வயதுக்குக் கீழ் என்றால் அன்று காலையில் சொன்னால் போதும். நான்கு முதல் ஆறு வயது வரை முதல் நாள் சொல்லலாம். பள்ளி வயதுப் பிள்ளைக்குச் சில நாட்களுக்கு முன்பே சொல்லி, அது கேட்கும் கேள்விகளுக்குப் பதிலும் சொல்லலாம். பள்ளியிலிருந்து தடுப்பூசிக்கான ஒப்புதல் பாரம் வரும்போது பெற்றோர் கையெழுத்திட்டுப் பையில் வைத்துவிடாமல், பிள்ளையை உட்கார வைத்துப் பேச அதுவே நல்ல நேரம்.

மூன்றாவது, விளையாட்டு. கரடி பொம்மைக்குக் காய்ச்சல். பிள்ளைதான் டாக்டர். மருந்து ஊற்றிக் கொடுக்கக் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று போதும். பிள்ளை பொம்மைக்கு ஊசி போடட்டும், பிளாஸ்டர் ஒட்டட்டும், “அழாதே, முடிஞ்சிருச்சு” என்று சொல்லட்டும். பல நாடுகளில் மருத்துவ மாணவர்கள் இதையே ஒரு திட்டமாக நடத்துகிறார்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பொம்மைகளைச் சிகிச்சைக்குக் கொண்டு வருவார்கள்; அதன் பெயரே டெடி கரடி மருத்துவமனை. வீட்டு வரவேற்பறையில் காசு செலவில்லாமல் அதை நடத்தலாம்.

நான்காவது, பிடிக்கும் முறை. பிள்ளையைப் படுக்க வைத்து இரண்டு மூன்று பேர் கை காலை அமுக்கிப் பிடிப்பது பயத்தை இரட்டிப்பாக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதன்படி மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைப் பெற்றோர் அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட வயதில் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து மடியில் வைத்துக்கொண்டால், பிடிப்பதும் கட்டிக்கொள்வதும் ஒன்றாகிவிடும். கைக்குழந்தைக்கு ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுத்தால் வலி குறையும் என்றும் அந்த வழிகாட்டி கூறுகிறது. ஒரே நாளில் இரண்டு ஊசி என்றால், அதிகம் வலிக்கக்கூடியதைக் கடைசியில் போடுவது நல்லது. இவற்றைத் தாதியிடம் பணிவோடு கேட்பதில் தவறில்லை. “மடியில வெச்சுக்கிட்டே போடலாமா மிஸ்ஸி?” என்று கேட்டால் போதும்.

ஐந்தாவது, கவனத்தைத் திருப்புவது. சோப்பு நுரைக் குமிழி ஊதுவது, பிறந்தநாள் மெழுகுவர்த்தியை அணைப்பதுபோல் நீளமாக ஊதுவது, கைப்பேசியில் பிடித்த பாட்டு, இவற்றில் எதுவும் உதவும். ஊதும்போது மூச்சு நீளும். உடலின் இறுக்கம் தளரும். சிறிய தேர்வுகளையும் பிள்ளையிடம் விடலாம். “ஊசி வேணுமா வேணாமா?” என்று கேட்கக்கூடாது; அதில் பிள்ளைக்கு உரிமை இல்லை. “இந்தக் கையா, அந்தக் கையா?” என்று கேட்கலாம்.

ஆறாவது, முடிந்த பிறகு பேசுவது. “பார்த்தியா, வலிக்கவே இல்ல, இதுக்குப் போய் அழுதே” என்றால் பிள்ளை தன் வலியை யாரும் நம்பவில்லை என்று நினைக்கும். “வலிச்சுது, ஆனா நீ கையை ஆட்டாம வெச்சிருந்தே” என்றால், அடுத்த முறைக்கு அது எடுத்துச் செல்லும் நினைவு அதுவாகவே இருக்கும். அன்று இரவு அப்பா வேலை முடிந்து வந்ததும் பிள்ளையின் காதில் விழும்படி அதைச் சொல்லலாம்.

பெற்றோர் கேட்கும் சில கேள்விகள்

அழாமல் இருக்கத் தேன் தொட்டு வைக்கலாமா? ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி நரம்புகளைப் பாதிக்கலாம். பாட்டி வைத்தியம் என்று இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஊசிக்கு முன்பே காய்ச்சல் மருந்து கொடுக்கலாமா? குத்தும் வலிக்கு அது உதவாது என்பதால் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கவில்லை. பிறகு காய்ச்சல் வந்தால் தாதி சொன்ன அளவில் கொடுக்கலாம்.

மரத்துப்போகச் செய்யும் களிம்பு உண்டாமே? உண்டு. ஆனால் பூசிச் சுமார் ஒரு மணி நேரம் கழித்தே வேலை செய்யும். எல்லா வயதுக்கும் எல்லா அளவும் பொருந்தாது. மருத்துவரைக் கேட்காமல் பூசக்கூடாது.

பல் மருத்துவரிடம் எப்போது போவது? பெரும்பாலும் பல் சொத்தையாகி, முகம் வீங்கிய பிறகுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். முதல் சந்திப்பே வலியோடு என்றால் பயம் வராமல் என்ன செய்யும்? முதல் பிறந்தநாளை ஒட்டி, வலி எதுவும் இல்லாதபோது, பல்லைக் காட்டிவிட்டு வருவதே சிறந்தது. பிள்ளைகளுக்கென்றே பயிற்சி பெற்ற பல் தாதியரை 1949 முதல் பினாங்கில் உருவாக்கி வந்த நாடு இது. என்ன செய்யப் போகிறோம் என்று முதலில் சொல்லி, கருவியைக் காட்டி, அதன் பிறகே வாயைத் தொடுவது பிள்ளைகளின் பல் மருத்துவத்தில் பழகிய முறை.

எல்லாம் செய்தும் பயம் குறையவில்லையே? சில பிள்ளைகளுக்குப் பயம் மிகக் கடுமையாக இருக்கும். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழும் பிள்ளைகளும் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கூட்டமும் சத்தமுமே தாங்க முடியாத சுமை. மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்துக் கூட்டம் குறைந்த நேரத்தைக் கேட்கலாம். தேவையானால் குழந்தை மனநல நிபுணரிடம் அனுப்பவும் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொட்டிலில் தொடங்கும் நம்பிக்கை

“தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்பார்கள். சிறுவயதில் விதைத்த மருத்துவப் பயம் பெரியவர்களையும் விடுவதில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் பயந்து இனிப்பு நீர் நோயைச் சோதிக்காமல் இருக்கும் அப்பாக்களும், ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று மார்பகக் கட்டியை மறைக்கும் அம்மாக்களும் நம்மிடையே இல்லையா? அவர்களும் ஒரு காலத்தில் “அழுதா ஊசி போட்டுடுவாங்க” என்ற வார்த்தையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளாக இருக்கலாம்.

அடுத்த முறை சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பும்போது, பிள்ளையின் பையில் ஒரு பொம்மையையும் வைத்துக்கொள்ளுங்கள். வழியிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள். பிள்ளை அழலாம், அழட்டும். அழுதாலும் அம்மா சொன்னது நடந்தது, சொன்னபடி அம்மா கூடவே இருந்தார் என்பதைப் பிள்ளை கண்டுகொள்ளும். பின்னொரு நாள் நள்ளிரவில் காய்ச்சலோடு படுத்திருக்கும் அந்தப் பிள்ளை, “அம்மா, வயிறு வலிக்குது” என்று மறைக்காமல் சொல்லும். அந்த ஒரு வார்த்தை அதன் உயிரைக் காக்கலாம்.